குண்டு எங்கோ, தூசு இங்கே: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (பொள்ளாச்சி): சீனப் பாலைவனத்தில் வெடித்த அணுகுண்டின் தூசு எங்கள் தென்னந்தோப்பில் விழுந்திருக்குமா?

பதில்: விழுந்திருக்கும். அங்கே லோப் நோர் என்ற சோதனைத் தளத்தில் 1964 முதல் 1980 வரை திறந்த வெளியில் வெடித்துப் பார்த்தார்கள். பெரிய குண்டின் மேகம் மழை மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு மண்டலம் வரை ஏறிவிடும். இறங்க மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஆண்டுக்கணக்கிலும். அதற்குள் உலகையே சுற்றிவிடும். பெரும்பாலும் மழைதான் அதைத் தரைக்குக் கொண்டுவருகிறது. வடக்கே உள்ள மிதவெப்ப நாடுகளைவிட நமக்கு விழுந்தது குறைவு.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): அணுத்தூசு விழுந்தால் முதலில் பாலைச் சோதிப்பது ஏன்?

பதில்: ஒரு பசு ஒரு நாளில் எவ்வளவு புல் மேயும் என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனையிலும் படிந்த அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருளில் ஒரு பகுதி பாலுக்கு வந்துவிடும். குழந்தையின் தைராய்டு அதை இழுத்துக்கொள்ளும். எட்டு நாளில் பாதியாகிவிடும் என்பதால் பாலைப் பவுடராக்கிச் சில மாதம் வைத்தாலே போதும்.

கேள்வி (ஈரோடு, கல்லூரி மாணவி): காற்றில் உள்ள அணுத்தூசின் இவ்வளவு நுண்ணிய அளவை எப்படிப் பிடிக்கிறார்கள், ஐயா?

பதில்: பொறுமையால்தான் அம்மா. பம்பு 24 மணி நேரம் காற்றை இழுத்து வடிதாள் வழியே செலுத்தும். உடனே அளந்தால் ஏமாந்துபோவீர்கள்: நம் மண்ணிலிருந்தே கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் வழித்தோன்றல்கள் தாளை நிறைத்திருக்கும். அவை அடங்க ஒரு நாள் விட வேண்டும். பிறகு, குளிரூட்டிய ஜெர்மானியம் உணரியின்மேல் தாளை வைத்து, வரும் கதிர்களை இன்னொரு நாள் முழுக்க எண்ண வேண்டும். ஒவ்வொரு பொருளின் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. 477 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் முகடு எழுந்தால் பெரிலியம்-7. காஸ்மிக் கதிர்கள் உண்டாக்குவது, பதற வேண்டாம். 662இல் சீசியம்-137, அது மட்டும் வந்தால் பழைய தூசு படிந்த மண் காற்றில் கிளம்பியிருக்கலாம். 364இல் அயோடின்-131 தலைதூக்கினால் அது புதிது. உடனே விசாரிக்க வேண்டும்.

கேள்வி (தாராபுரம்): அந்தத் தூசு நிலத்தில் இன்னும் இருக்கிறதா?

பதில்: சீசியம் இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகும் காலம், 30 ஆண்டு. 1960களில் விழுந்ததில் கால் பங்குதான் மிச்சம், வெள்ளாமைக்குப் பயமில்லை. களிமண்ணை இறுகப் பற்றுவதால், உழாத கொரங்காட்டில் மேல்மண்ணிலேயே நிற்கும். பக்கத்துச் சரிவில் அதைவிடக் குறைந்திருந்தால் அங்கே மேல்மண் அடித்துப்போயிருக்கிறது. பல நாடுகளில் மண் அரிப்பை இப்படி அளக்கிறார்கள். நம் செம்மண் காடுகளிலும் ஊர் ஊராக அளக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

கேள்வி (கரூர்): நிலத்தடியில் வெடித்தால் தெரியாதுதானே?

பதில்: தெரியும். வெடிப்பில் உண்டாகும் செனான் வாயுவை எந்த வடிதாளும் தடுக்காது. பாறைகளாலும் அதை முழுதாக அடைத்துவைக்க முடியாது, இடுக்குகள் வழியே கசிந்துவிடும். 2013 பிப்ரவரியில் வட கொரியா நிலத்தடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. ஏழு வாரத்துக்கும் மேல் கழித்து, ஜப்பானின் தகாசாகி நிலையம் அதன் செனானைக் காற்றில் கண்டுபிடித்தது.