சிறுவர் உதைபந்தாட்டம் கோடைக்கு மாறினால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த ஒரு தந்தைக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இது. குடும்பத்தோடு இங்கிலாந்து வந்த முதல் வருடம். எட்டு வயது மகனைப் பக்கத்துக் கழகத்தில் சேர்த்தீர்கள். டிசெம்பர் தொடங்கிப் பெப்ரவரி வரை முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமைகளில் "இன்று மட்ச் இல்லை" என்ற செய்திதான் வந்தது. செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை நடக்கும் லீக்கை இனி மார்ச் முதல் நவம்பர் வரை நடத்தலாமா என்று இப்போது கழகம் பெற்றோரிடம் கருத்துக் கேட்கிறது. ஆம் என்பதா, இல்லை என்பதா?

11 வயதுக்குட்பட்ட பிரிவுகள் வரைக்கும் ஆம் சொல்லுங்கள். ஆனால் சொல்ல முன்னர் இரண்டு விஷயத்துக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படும், கோடையில் மைதானம் யாருடைய கையில் இருக்கும். எல்லாரும் மழையைப் பற்றியே கதைப்பார்கள். மாற்றம் சறுக்குவது இந்த இரண்டு இடத்திலும்தான்.

முதலில், மட்ச் ஏன் நிற்கிறது என்று பாருங்கள். மழை பெய்த நாளில் மட்டும் நிற்பதில்லை. மண்ணின் வெப்பம் 6 பாகைக்குக் கீழே போனால் புல் வளர்வதை நிறுத்திவிடும். நவம்பரில் பூட்ஸ் கிழித்த இடம் மார்ச் வரை ஆறாது, அந்தப் புண்ணில்தான் தண்ணீர் தேங்கும். லண்டனின் பெரும்பகுதி களிமண் நிலம் என்பதால் தண்ணீர் கீழே இறங்கவும் மாட்டாது. ஞாயிறு நல்ல வெயிலாக இருக்கும், ஆனால் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வெள்ளிக்கிழமையே மைதானத்தைப் பூட்டியிருக்கும். அன்று ஆடவிட்டால் அடுத்த ஆறு வாரமும் போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. பூட்டாத இடத்தில் காலையில் யாராவது போய்ப் பார்ப்பார்கள். குதிகாலை அழுத்தித் திருப்பினால் தண்ணீர் மேலே வருகிறதா, தலையளவு உயரத்திலிருந்து பந்தை விட்டால் துள்ளுகிறதா அல்லது விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறதா, உறைபனி நாளென்றால் ஸ்குரூட்ரைவர் மண்ணுக்குள் இறங்குகிறதா. கோல் வாசலையும் நடுவட்டத்தையும் பார்த்தால் போதும், அங்கேதான் முதலில் கெடும். 2022 ஒக்டோபர் முதல் 2024 மார்ச் வரையான 18 மாதங்கள் இங்கிலாந்தில் பதிவிலேயே மிக ஈரமானவை. கோடைக்கு மாற்றும் கதை அதற்குப் பிறகு பலத்ததில் வியப்பில்லை.

கோடையில் நிறைய ஞாயிறு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். செப்டெம்பர் முதல் ஏப்ரல் முடிவு வரை ஏறத்தாழ 34 ஞாயிறு. நத்தார், ஈஸ்டர், பள்ளித் தவணை நடுவில் வரும் இரண்டு அரைத்தவணை விடுமுறைகளைக் கழித்தால் 28 அளவில் நிற்கும். மார்ச் முதல் நவம்பர் முடிவு வரை 39. ஈஸ்டர், மே மாத வங்கி விடுமுறை, இரண்டு அரைத்தவணைகள், ஜூலைக் கடைசியிலிருந்து ஆறு வாரப் பள்ளி விடுமுறை எல்லாவற்றையும் கழித்தால் அதுவும் 28 அளவில்தான் வந்து நிற்கும். பத்து அணிகள் இருமுறை மோத 18 வாரம் வேண்டும், இரண்டிலும் இடமிருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், கோடையில் போகும் ஞாயிறு எதுவென்று முன்கூட்டியே தெரியும். மாரியில் போவது அன்று காலை எட்டு மணிக்குத்தான் தெரியும். அப்படி விட்டுப்போன மட்ச் எல்லாம் ஏப்ரலில் குவிந்து, சின்னக் கால்கள் கிழமைக்கு இரண்டு மட்ச் ஓட வேண்டிவரும்.

கோடைக்கு இன்னொரு வசதி கிழமை நாள் மாலை. லண்டனில் டிசெம்பரில் நாலு மணிக்கு முன்னரே சூரியன் மறையும், ஜூனில் ஒன்பதே கால் தாண்டும். மாலை ஆறரைக்குத் தொடங்கி 25 நிமிடப்படி இரண்டு பாதி ஆடினால் ஏழரைக்கு முடிந்துவிடும், விளக்குக்குக் காசு தேவையில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு கோயில் அல்லது சங்கீத வகுப்பு என்று ஓடும் வீடுகளுக்கு இது சின்ன நன்மை இல்லை.

இனி மைதானம். பூங்கா மைதானங்கள் பெரும்பாலும் கவுன்சிலுடையவை, அவற்றின் வருட அட்டவணை மாரி உதைபந்தாட்டத்தைச் சுற்றியே எழுதப்பட்டது. ஏப்ரல் கடைசியில் கோல் கம்பங்களைக் கழற்றிவிடுவார்கள். பல இடங்களில் அதே நிலத்தின் நடுவில் கிரிக்கெட் சதுரம் இருக்கும். அதைக் கயிறு கட்டி மறைத்துவிட்டுச் செப்டெம்பர் வரை யாரையும் மிதிக்க விடமாட்டார்கள். கிரிக்கெட் இல்லாத இடத்திலும் மே, ஜூனில்தான் நிலத்துக்கு வைத்தியம் நடக்கும்: ஆழமாகத் துளையிட்டுக் காற்று விடுவது, மணல் பரப்புவது, ரைகிராஸ் என்ற புல்லின் விதை போடுவது. விதை முளைக்க இரண்டு கிழமை போதும், பூட்ஸைத் தாங்கும் அளவுக்கு வேரூன்ற இரண்டு மாதத்துக்கு மேலாகும். கோடையில் ஆடினால் இந்த வேலையை எப்போது செய்வது? டிசெம்பரில் விதை முளைக்காது. லீக் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலைக் கடைசி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை இடைவெளி விட்டு, தேய்ந்த கோல் வாசலில் ஓகஸ்ட் கடைசியில் விதைத்து, அது வேரூன்றும் வரை மிதிபடாமல் இருக்கப் பிட்சைப் பத்து யார்ட் தள்ளிக் கோடு போட்டால் சமாளிக்கலாம். 5 பேர், 7 பேர் ஆட்டங்களுக்குக் கோலைத் தூக்கி வைக்கலாம், ஆகவே தள்ளுவது இலகு. 11 பேர் ஆட்டத்துக்கு நிலத்தில் ஊன்றிய கம்பம், அது நகராது. சின்னப் பிரிவுகளுக்கு மட்டும் ஆம் சொல்லச் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது வயது. இதை எவரும் கூட்டத்தில் விளக்குவதில்லை, ஆனால் உங்கள் மகனின் கூட்டாளிகள் யார் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். இங்கிலாந்தில் பிரிவு ஓகஸ்ட் 31-ஐ வைத்துப் பிரிக்கப்படுகிறது, பள்ளி வகுப்பும் அப்படியே. அதனால்தான் வகுப்பில் பக்கத்தில் இருப்பவனே அணியிலும் பக்கத்தில் ஓடுகிறான். மார்ச்சில் தொடங்கும் லீக் சில இடங்களில் ஜனவரி–டிசெம்பர் பிறப்பாண்டை எடுத்துக்கொள்ளும். நோர்வேயில் அப்படித்தான், அங்கே பள்ளியும் பிறப்பாண்டுப்படியே சேர்ப்பதால் உரசல் இல்லை. இங்கே அப்படிச் செய்தால் என்ன நடக்கும்? 2016 ஒக்டோபரில் பிறந்த பிள்ளை இன்று தன் வகுப்பில் மூத்தவர்களில் ஒருவன். பிறப்பாண்டுக் கணக்கில், 2017-இல் பிறந்த வகுப்புத் தோழர்களை விட்டுவிட்டு, 2016 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை பிறந்த மேல்வகுப்புப் பிள்ளைகளோடு சேர்க்கப்படுவான். ஒரே நாளில் மூத்தவன் கடைக்குட்டி ஆகிவிடுவான். செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை பிறந்த எல்லாருக்கும் இதே கதி. எட்டு, ஒன்பது வயதில் பத்து மாதம் என்பது உயரத்திலும் வேகத்திலும் நன்றாகத் தெரியும். உடைந்துபோன அணியிலிருந்து விலகுபவர்களும் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

நல்ல வழி, பள்ளி வருட எல்லையை அப்படியே வைத்துக்கொண்டு முந்திய ஓகஸ்ட் 31 வயதோடு மார்ச்சில் தொடங்குவது. செப்டெம்பரில் மேல்வகுப்புக்குப் போனாலும் நவம்பர் வரை பழைய பிரிவிலேயே ஆடுவார்கள். ஆறு வயது நிரம்பிப் புதிதாக வருபவர்கள் மார்ச் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றைக் கேட்டு வையுங்கள்: 2026-27 சீசனில் இருந்து ஆட்ட அமைப்பும் மாறுகிறது. 7 வயதுக்குட்பட்டோர் மூன்றுக்கு மூன்று, 8, 9 ஐந்துக்கு ஐந்து, 10, 11 ஏழுக்கு ஏழு, 12, 13 ஒன்பதுக்கு ஒன்பது, 14-இல்தான் பதினொருவர். கோடை லீக்கில் ஒரு படி ஏறுவது மார்ச்சிலா செப்டெம்பரிலா என்று விதியில் எழுதியிருக்க வேண்டும்.

11 வயது வரை லீக்கில் முடிவுகளும் புள்ளி அட்டவணையும் வெளியிடக் கூடாது என்பது எப்.ஏ. (இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம்) விதி. ஆகவே அந்த வயதுகளில் மாற்றிப் பார்ப்பதால் எந்தக் கிண்ணமும் குழம்பாது. 12-இலிருந்து அட்டவணை, மேலேற்றம், கவுன்ரி (மாவட்ட) கிண்ணம் எல்லாம் வரும், கிண்ணம் மாரியில் நடக்கும். 16 வயதுக்காரருக்கு மே, ஜூன் ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக் காலம். பெரிய பிரிவுகளை இப்போதைக்குத் தொடாமல் விடுவதே புத்தி.

காகித வேலையிலும் இரண்டு பொறி இருக்கிறது. கழகம் எப்.ஏ.யின் மாவட்ட அமைப்பான கவுன்ரி எப்.ஏ.யோடு இணைவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரையான வருடத்துக்கு. காப்புறுதியும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே ஓடும். கோடைச் சீசனின் நடுவில் அந்தத் தேதி வரும். செயலாளர் புதுப்பிக்க மறந்தால் ஜூலை முதல் ஞாயிறு ஆடும் பிள்ளைகளுக்குக் காப்புறுதி இருக்காது. மற்றது வற் (பெறுமதி சேர்) வரி. தனியாரோ அறக்கட்டளையோ நடத்தும் செயற்கைப் புல் மைதானத்தைக் கழகம் பத்து முறைக்குக் குறையாமல் தொடராகப் பதிவு செய்து, ஒவ்வொரு முறைக்கும் இடையில் 14 நாளுக்கு மேற்படாமல் இருந்தால் 20 வீத வரி விலக்கு உண்டு. ஓகஸ்டில் மூன்று கிழமை விட்டால் தொடர் அறுந்துவிடும். இடைவெளிக்கு முன்னே ஒரு பத்து, பின்னே ஒரு பத்து என்று பிரித்துப் பதிவு செய்தால் தப்பலாம். பலருக்கு இது பில் வந்த பிறகுதான் தெரியவரும்.

உடல் விஷயத்தில் கோடை சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். மாரியில் சேறாக இருந்த அதே களிமண் ஜூலையில் சீமெந்துத் தரையாகி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். பூங்கா மைதானத்துக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை. 8 முதல் 14 வயது வரை குதிகால் எலும்பின் வளர்ச்சித் தட்டு மென்மையானது, கெட்டி நிலத்தில் ஓடினால் அங்கே நோவு வரும். குதிகாலின் இரு பக்கத்தையும் விரலால் அழுத்தினால் பிள்ளை துடிப்பான், மட்ச் முடிந்து நொண்டுவான். சில நாள் ஓட்டத்தைக் குறைத்து, குதிகாலுக்கு மெத்தை வைத்து, அடியில் நிறையச் சின்ன ரப்பர் முளைகள் உள்ள அஸ்ட்ரோ சப்பாத்துக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கும். நீளமான முளை உள்ள பூட்ஸைக் கோடையில் போடவே வேண்டாம்.

புல் மகரந்தம் மே நடுவிலிருந்து ஜூலை வரை. கண் அரிப்பும் தும்மலும் உள்ள பிள்ளைக்குச் சீசன் தொடங்க முன்னரே மருந்தாளரிடம் கேட்டு, தூக்கம் தராத மருந்து வாங்கி வையுங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பெயர் எழுதிக் கோட்டோரம் இருக்க வேண்டும், காரில் இல்லை. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. அப்படிப்பட்ட நாளுக்கு லீக்கிடம் வெப்ப விதி இருக்கிறதா, பாதிக்கு நடுவில் தண்ணீர் இடைவேளை உண்டா, மதிய ஆட்டத்தைக் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இன்னொரு பக்கம், நம்மைப் போன்ற தோல் நிறத்தவர்களுக்கு வருடம் முழுவதும் தினம் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பதை என்.எச்.எஸ். (இங்குள்ள அரச சுகாதார சேவை) யோசிக்கச் சொல்கிறது. வெயிலில் ஓடும் பிள்ளைக்கு அந்த வகையில் கோடை ஆட்டம் நல்லது, மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

நம்மவர்கள் ஓகஸ்டில் ஊருக்குப் போவது, நல்லூர்த் திருவிழா, இங்குள்ள கோயில்களின் தேர், பழைய மாணவர் சங்கங்களின் விளையாட்டு விழா எல்லாம் கோடையில்தான். ஜூலைக் கடைசி முதல் ஆறு வாரமும் லீக் முழுமையாக மூடியிருந்தால் பிரச்சினை இல்லை. மூடாவிட்டால் ஏழு பேர் அணிக்கு ஐந்து பேர் வரும் நிலைதான். கோயிலில் கட்டிய நூலோ காதுத் தோடோ இருந்தால் மட்சுக்குக் கழற்ற வேண்டும், மேலே பிளாஸ்டர் ஒட்டினாலும் நடுவர் விடமாட்டார்.

இது புதுப் பரிசோதனையும் இல்லை. றக்பி லீக் ஆட்டத்தின் அமெச்சூர் போட்டியான நஷனல் கொன்பரன்ஸ் லீக் 2012-இல் கோடைக்கு மாறியது. பெண்கள் உதைபந்தாட்டத்தின் சுப்பர் லீக் 2011-இல் கோடையில் தொடங்கி, 2017-18-இல் மாரிக்கே திரும்பியது. அங்கே காரணம் மற்றைய நாடுகளின் அட்டவணை, எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை.

முடிவெடுப்பது பெற்றோர் இல்லை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். லீக்கின் வருடாந்தக் கூட்டத்தில் கழகங்கள் வாக்களிக்கும், விதி மாற்றத்தைக் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும், பிறகு கவுன்ரி எப்.ஏ. அனுமதி வேண்டும். ஆகவே வாட்ஸ்அப்பில் வாதாடாமல் கழகச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வயதுத் தேதி, மே முதல் ஜூலை வரை மைதானத்துக்கு எழுத்தில் உறுதி, விடுமுறை இடைவெளி, மாறும் வருடத்தில் தொடக்கம் செப்டெம்பரிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போகும் ஆறு மாதத்துக்கும் மாதச் சந்தா அறவிடுவார்களா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வாக்கு எப்படிப் போனாலும் வரும் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை மகனை உள்ளரங்கப் புட்சாலுக்கு அனுப்பலாம். துள்ளல் குறைந்த பந்து, சின்ன இடம், நிறையத் தொடுகை. அதற்குத் தரையில் கறை படியாத தட்டை அடிச் சப்பாத்து வேண்டும், பூட்ஸோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.