கேள்வி – பதில்: அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆய்வு

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். 2023இல் கல்வியியலில் பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் உணர்வுசார் நுண்ணறிவுக்கும் கணித அடைவுக்கும் உள்ள தொடர்பு என்பது நெறியாளர் கொடுத்த தலைப்பு. உணர்வுசார் நுண்ணறிவு என்றால் தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன். பன்னிரண்டு பள்ளிகளில் 600 வினாநிரல்களை நிரப்பி வாங்கிவிட்டேன் (சில பிள்ளைகள் கூற்றுகளுக்குப் பொருள் கேட்டார்கள், பலர் ஒரே கட்டத்தில் வரிசையாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்). பள்ளி, வீடு, இரண்டு குழந்தைகள் என்று நாள் போய்விடுகிறது. புள்ளியியல் பகுப்பாய்வு முதல் கடைசி இயல் வரை ஒரு தொகைக்கு முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். உடன் பயில்பவர்கள், எல்லோரும் செய்வதுதானே என்கிறார்கள். கொடுத்துவிடலாமா, இல்லை ஆய்வையே விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். விடுவதா தொடர்வதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நேரம், நெறியாளர், தொகை, உடன் பயில்பவர்களின் பேச்சு எல்லாம் அதில் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக எதைத் தெரிந்துகொள்வதற்காக இந்த ஆய்வைச் செய்கிறீர்கள் என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. தலைப்பு உங்களுடையதாக இல்லாததால் கேள்வியும் உங்களுடையதாகவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் ஆய்வாளர் ஒருவர் உங்களுக்குள் இருக்கிறார் என்பதற்கான சான்று, நீங்கள் போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்த ஒரு வாக்கியத்தில் கிடைக்கிறது. பிள்ளைகள் பொருள் கேட்டதையும், ஒரே கட்டத்தில் டிக் அடித்ததையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பணம் வாங்கிக்கொண்டு எழுதப்போகிறவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் கையில் கிடைப்பது 600 வரிசை எண்கள். அவற்றை மென்பொருளில் இட்டு, பால், வாழிடம், பள்ளி நிர்வாக வகை, பெற்றோர் கல்வி என்று வழக்கமான பிரிவுகளில் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையும் மாறுபாட்டுப் பகுப்பாய்வும் செய்து, வேறுபாடு இல்லை என்னும் இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது என்று இருபது அட்டவணைகளுக்குக் கீழே எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த ஆய்வேட்டில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பிள்ளைகள் படித்துப் பார்க்காமல் குறித்த விடைகளை அவர்களின் உணர்வாக எடுத்துக்கொண்டிருப்பதால், அதன் முடிவு எதுவும் நிற்காது.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைக் காட்டும் ஒட்டுறவுக் கெழு 600 பேரிடம் 0.10 என்று வந்தாலே அது 5 விழுக்காடு மட்டத்தில் குறிப்பிடத்தக்கதாகிவிடும், அதாவது தற்செயல் என்று ஒதுக்க முடியாததாகிவிடும். அதை வர்க்கப்படுத்தினால் 0.01. அதாவது கணித அடைவில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் நூறில் ஒரு பங்கோடு மட்டுமே அதற்குத் தொடர்பு உண்டு. மீதி 99 பங்கு வேறெங்கோ இருக்கிறது. குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது என்ற வரியோடு அந்த இயலை முடித்து, ஆகவே உணர்வுசார் நுண்ணறிவுப் பயிற்சி தரப்பட வேண்டும் என்று பரிந்துரை எழுதிவிடுவது நம் கல்வியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் வழக்கம். தன் வகுப்பில் பின்னக் கூட்டலில் தடுமாறும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் உங்களால் அந்தப் பரிந்துரையை மனமறிந்து எழுத முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

மென்பொருளை இயக்கத் தெரிந்தவரிடம் உதவி கேட்பதில் தவறில்லை. எந்தச் சோதனையை எதற்காகச் செய்கிறோம் என்பதை நீங்கள் முடிவு செய்து, வந்த விடையை நீங்களே விளக்க முடிந்தால் அது உதவிதான். இயல்களையே பிறர் எழுதுவது வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், பிறருடைய உழைப்பையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டுவதையே கருத்துத் திருட்டு என்று வரையறுக்கின்றன. ஒப்புமையைக் காட்டும் மென்பொருள் இதைக் கண்டுபிடிக்காமல் போகலாம். ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் சான்றிதழும் கிடைக்கலாம். ஆனால் பட்டம் வாங்கிய பிறகு திருட்டு மெய்ப்பிக்கப்பட்டாலும் அந்தப் பட்டத்தை நிறுத்திவைக்க அதே விதிகளில் இடம் உண்டு. நாளை இந்திய ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் உங்கள் ஆய்வேடு ஏறும்போது எவரும் அதைத் திறந்து படிக்கலாம், உங்கள் மாணவர்களில் ஒருவர் உட்பட.

இனி, விட்டுவிடுவது பற்றி. பதற்றம் வேண்டாம், நீங்கள் நினைப்பதைவிடக் கால அவகாசம் இருக்கிறது. 2022 நவம்பரில் வந்த மானியக் குழு விதிமுறைகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சலுகை உண்டு. மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை விடுப்பு எடுக்க வழி செய்திருக்கிறார்கள். இதழ்களில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை அந்த விதிமுறைகள் கைவிட்டுவிட்டன; உங்கள் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உடன் பயில்பவர்களின் அவசரத்தில் பாதி இந்த விதிகளைப் படிக்காததால் வருவது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் அல்லவா? அடுத்த முறை அங்கே 600 வினாநிரல்கள் திரட்டியாயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை பேர் ஒரே கட்டத்தில் குறித்தார்கள், எதிரெதிரான கூற்றுகளுக்கு ஒரே விடை தந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்தக் கூற்றுகளுக்குப் பொருள் கேட்டார்கள் என்பதை எண்ணிக்கையோடு முன்வையுங்கள். ஆங்கிலக் கருவியிலிருந்து மொழிபெயர்த்த கூற்றுகள் நம் பிள்ளைகளுக்கு எப்படி விளங்குகின்றன என்பதே ஓர் இயலுக்குரிய செய்தி. கூடவே, உங்கள் வகுப்பை ஆய்வுக்குள் கொண்டுவர அனுமதி கேளுங்கள். தலைப்பை மாற்ற வேண்டியதில்லை; எண்களோடு பிள்ளைகளின் பேச்சையும் சேர்த்து ஆராயும் கலப்பு முறை ஆய்வாக விரித்தால் போதும். நெறியாளரிடம் இதை முன்கூட்டியே நேரில் சொல்லிவிடுங்கள். குழுவின் முன் திடீரென்று கேட்டால் அவர் மறுப்பதற்கே வாய்ப்பு அதிகம். தனியாக, தாள்களைக் காட்டிக் கேட்டால் அவரும் ஆசிரியராகவே பார்ப்பார்.

வகுப்பில் என்ன செய்வது? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளை எல்லா ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறது. சிவப்பு மையில் தவறு என்று போடுவதற்கு முன், எப்படிப் போட்டாய் என்று கேட்டு, அது சொல்வதை அதன் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாரிசில், அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய பினேயின் ஆய்வுக்கூடத்தில் சோதனைத் தாள்களைத் தரப்படுத்தும் வேலைக்குச் சேர்ந்த குழந்தை உளவியல் அறிஞர் பியாஜே, சரியான விடைகளை எண்ணுவதோடு நின்றிருந்தால் அந்த வேலை ஓர் அட்டவணையோடு முடிந்திருக்கும். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறுவதைக் கவனித்து, ஏன் என்று அவர்களிடமே கேட்கத் தொடங்கியதிலிருந்துதான் அவருடைய வாழ்நாள் ஆய்வு வளர்ந்தது. உங்கள் மேசைமேல் குவியும் நோட்டுகளில் அந்த வகைச் செய்தி நிறையவே இருக்கிறது. வாரம் இரண்டு பிள்ளைகளோடு பத்து நிமிடம் பேசினாலும் ஓராண்டில் போதிய பதிவுகள் சேரும். அதற்குத் தனி விடுப்பும் வேண்டாம், பேருந்துப் பயணமும் வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மதிப்பெண் போடுகிறவரும் ஆய்வு செய்கிறவரும் ஒருவரே என்பதால் பிள்ளைகள் உங்களுக்கு மறுப்புச் சொல்லத் தயங்குவார்கள். தலைமையாசிரியர், கல்வி அலுவலர், பெற்றோர் ஆகியோரின் ஒப்புதலோடு, விலகிக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்பதைப் பிள்ளைகளிடமே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெயர்களை எங்கும் எழுதாதீர்கள்.

ஒரு பருவம் இப்படிச் செய்து பார்த்த பிறகும் குழு ஒத்துக்கொள்ளவில்லை, அல்லது உங்களுக்கே இதில் மனம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. பட்டம் இல்லாமலும் அந்தப் பதிவுகள் உங்கள் பாடத்துக்கு உதவும்.

முதலில் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த 600 தாள்களில் ஒரே கட்டத்தில் குறிக்கப்பட்டவற்றைத் தனியே பிரித்து எண்ணுங்கள். அதற்கு முன்பு அந்த மனிதரிடம் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.