வாசகர் கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நேரம், கோடிங் எங்கே கற்கலாம்?

கேள்வி: நான் பி.காம். படித்தவள், வயது 24. அவிநாசியில் வீடு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இணையப் பக்கம் உருவாக்கும் கோடிங் கற்க ஆசை. கோவை காந்திபுரத்தில் ஒரு நிறுவனத்தில் விசாரித்தேன். ஆறு மாதம், 42,000 ரூபாய், நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்றார்கள். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் மாதத் தவணையும் உண்டாம். அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் மாலை ஏழு மணிக்கு மேலும்தான் நேரம். சேரலாமா? பக்கத்திலேயே குறைந்த கட்டணத்தில் வழி இருக்கிறதா?
வாசகி, அவிநாசி

பதில்: அம்மணி, சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது 2003 நினைவுக்கு வந்தது. அப்போது நான் தட்டச்சில் ஹையர் முடித்திருந்தேன். கணினி கற்றால்தான் பிழைப்பு என்று ஊரெல்லாம் பேச்சு. என் அம்மா தோட்டை அடகு வைத்து 12,000 ரூபாய் கொடுத்தார். சேர்ந்த இடத்தில் மூன்று பேருக்கு ஒரு கணினி. நடுவில் உட்கார்ந்தவருக்குத்தான் விசைப்பலகை எட்டும். நான் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். நான்காம் மாதம் ஒரு திங்கட்கிழமை போனபோது கதவில் பூட்டு தொங்கியது. தோட்டை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. பின்னாளில் பெருந்துறையில் நானே ஒரு பயிலகம் தொடங்கி 16 ஆண்டுகள் நடத்தினேன். ஓர் ஆளுக்கு ஒரு கணினி என்ற விதியை ஒரு நாளும் நான் மீறவில்லை.

இப்போது உங்கள் விஷயம். இணையப் பக்கம் எழுதத் தேவையான பாடம் இன்று காசில்லாமல் கிடைக்கிறது. ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் 2014 முதல் இயங்குகிறது. பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், வண்ணமும் வடிவமும் தரும் சிஎஸ்எஸ், பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் அங்கேயே எழுதிப் பார்த்துக் கற்கலாம். பாடத்துக்கும் கட்டணம் இல்லை, சான்றிதழுக்கும் இல்லை. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சிறு சிறு காணொளிப் பாடங்கள் இருக்கின்றன, பலவற்றுக்குத் தமிழ் ஒலி உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் நாம் செய்துபார்க்க வேண்டும் என்பதே அவர்கள் முறை. 42,000 ரூபாய் நிறுவனத்தின் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பகுதி இந்தப் பாடங்களாகத்தான் இருக்கும்.

அப்படியானால் வகுப்பே வேண்டாமா? வேண்டும். அதற்குக் காரணம் சொல்கிறேன். என் பயிலகத்துக்கு ஒரு பெண் சிப்காட்டில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு வருவாள். முதல் நாள் நோட்பேடில் ஆறு வரி அடித்தாள். இண்டெக்ஸ் என்று பெயர் வைத்து, புள்ளி எச்டிஎம்எல் என்று முடித்துச் சேமித்தாள். இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசர் திறக்க வேண்டும். மறுபடி நோட்பேடே திறந்தது. நாற்பது நிமிடம் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தாள், என்னைக் கூப்பிடக் கூச்சம். நான் போய்ப் பார்த்தபோது கண் கலங்கியிருந்தது. அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. நோட்பேடு தன் பங்குக்குப் பெயரின் கடைசியில், வெறும் எழுத்துக் கோப்பு என்பதற்கான டிஎக்ஸ்டி அடையாளத்தை ஒட்டியிருந்தது. அந்த ஒட்டை விண்டோஸ் கண்ணில் காட்டாமல் மறைத்து வைத்திருந்தது. சேமிக்கும் பெட்டியில் ‘எல்லாக் கோப்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அரை நிமிடத்தில் அவள் பக்கம் வெள்ளைத் திரையில் வந்து நின்றது. அன்று நான் அங்கே இல்லாதிருந்தால் அவள் மறுநாள் வந்திருக்க மாட்டாள்.

நீங்கள் கட்டணம் கொடுக்க வேண்டியது அந்த அரை நிமிடத்துக்கு. நாற்காலிக்குப் பின்னால் நின்று உங்கள் திரையைப் பார்க்கும் ஓர் ஆள் வேண்டும். அப்படி ஆள் இல்லாத இடத்துக்கு 2,000 ரூபாய் கூட அதிகம்.

அந்த ஆளைத் தேடக் காந்திபுரம் வரை போக வேண்டாம். அவிநாசியிலிருந்து அது நாற்பது கிலோமீட்டர். உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் பாதி பஸ்ஸிலேயே கழிந்துவிடும். திருப்பூருக்கு எப்படியும் தினமும் வருகிறீர்கள். சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமும் இல்லை. எனவே திருப்பூரிலேயே தேடுங்கள். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்ஆர்ஜி அரசு மகளிர் கல்லூரி இரண்டின் கணினித் துறைகளிலும் நேரில் போய், மாலையிலோ ஞாயிறன்றோ தனியாகச் சொல்லித்தரக் கூடியவர் யாரும் உண்டா என்று கேளுங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இணையதளம் செய்துகொடுக்கும் சிறு அலுவலகங்களும் திருப்பூரில் உண்டு. உங்கள் கம்பெனியின் தளத்தைச் செய்தவர் யார் என்று மேலாளரிடம் விசாரியுங்கள். அங்கே வேலை செய்யும் பையனோ பெண்ணோ வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மணிக்கு 300 ரூபாய் கொடுப்பது நியாயம் என்பது என் கணக்கு. வாரம் இரண்டு மணி, பன்னிரண்டு வாரம், மொத்தம் 7,200 ரூபாய். அலுவலகத் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொண்டால் அதில் பாதி.

தட்டச்சுப் பயிலகங்களில் விசாரித்தால் சிலர் சிஓஏ என்ற அலுவலகக் கணினிப் பயன்பாட்டுத் தேர்வுக்குச் சேரச் சொல்வார்கள். அரசு தட்டச்சர் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. உங்களுக்குத் தேவைப்படாது.

எந்த வகுப்பானாலும் பணம் கட்டுமுன் ஒரு மாலை நேரத்தில் சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை பேர், எத்தனை கணினி என்று எண்ணுங்கள். மாணவர்களின் திரைகளைப் பாருங்கள்: எல்லாத் திரையிலும் ஒரே பக்கம் தெரிந்தால் அங்கே பார்த்து எழுதுகிறார்கள் என்று பொருள். போன ஆண்டு படித்தவர் செய்த தளத்தின் முகவரியைக் கேட்டு வாங்கி, உங்கள் கைப்பேசியில் அங்கேயே திறந்து பாருங்கள். எழுத்து திரைக்கு வெளியே ஓடினால், படம் வர வேண்டிய இடத்தில் உடைந்த சட்டம் மட்டும் தெரிந்தால், அங்கே சொல்லிக்கொடுத்தது போதவில்லை. முதல் மாதத்திலேயே ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த பிறகு கற்க வேண்டிய கருவி) என்று ஆரம்பிக்கிறவர்களிடமும் போக வேண்டாம். இணைய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து 1991-இல் வெளியிட்ட முதல் தளத்தில் வெறும் எழுத்தும் இணைப்பும்தான் இருந்தன. வண்ணமும் வடிவமும் தரும் சிஎஸ்எஸ் 1996-இல்தான் முறையாக வெளிவந்தது. கற்கிறவருக்கும் அதே வரிசைதான் நல்லது.

தவணை பற்றி எழுதியிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் வகுப்புக்கு ஒரு படிவம், தவணைக்கு இன்னொரு படிவம் வைத்துக் கையெழுத்து வாங்குவார்கள். இரண்டாவது பெரும்பாலும் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடனாக இருக்கும். வகுப்பு நின்றுபோனாலும் அந்தக் கடன் நிற்காது. வேலை உத்தரவாதத்தை, எந்தச் சம்பளத்தில், எத்தனை மாதத்துக்குள், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படிக்க ஆரம்பித்ததும் உங்கள் கையில் இருக்கும் பேக்கிங் லிஸ்ட் ஒன்றை இணையப் பக்கமாக மாற்றிப் பாருங்கள். ஸ்டைல், நிறம், எஸ், எம், எல், எக்ஸ்எல், பெட்டி எண், மொத்தம் என்று அதிலேயே வரிசையும் கட்டமும் இருக்கின்றன. அட்டவணை எழுத அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கட்டம் தவறினால் உங்கள் கண்ணே பிடித்துவிடும், தினமும் பார்க்கிற தாள் அல்லவா. கம்பெனியின் உண்மை எண்களைப் போட வேண்டாம், கற்பனை எண்களே போதும். தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அது விட்டுப்போனால், ‘திருப்பூர்’ என்று அடித்த இடத்தில் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’க்களும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’களும் வரிசை கட்டி நிற்கும். படக் கோப்புகளின் பெயர்களைச் சிறிய எழுத்திலேயே வையுங்கள். உங்கள் கணினியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதமில்லாமல் படம் வரும். இணையத்தில் ஏற்றியதும், கோப்பின் பெயருக்கும் நீங்கள் கோடில் எழுதிய பெயருக்கும் அந்த பேதம் இருந்தால் படம் காணாமல் போகும். இணையப் பக்கங்களை வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் காசில்லாமல் ஏற்றிவைக்கலாம்.

மூன்று மாதத்தில் வேலை மாறிவிடும் என்று நான் எழுதினால் அது பொய்யாகும். நீங்களே எழுதிய ஒரு பக்கம் இணையத்தில் நிற்கும், அதில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று உங்களால் சொல்ல முடியும். நேர்காணலுக்குப் போகும்போது அந்த முகவரியைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பவானியில் ஜமக்காளத் தறி ஓட்டுகிறேன். மகன் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான். கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்கிறான். தனியாரில் கட்ட வசதி இல்லை.
வாசகர், பவானி

பதில்: ஐயா, அரசு ஐடிஐயில் கோபா என்ற கணினி இயக்குநர், நிரல் உதவியாளர் பிரிவைக் கேளுங்கள். ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அலுவலகக் கணினி வேலைகளோடு எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவையும் பாடத்தில் இருக்கின்றன. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் தருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஈரோட்டிலும் கோபியிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. விண்ணப்பத்தில் பிரிவை வரிசைப்படுத்தும்போது கோபாவை முதலில் போட வேண்டும். பையன் வேறு ஏதாவது பிரிவில் இடம் கிடைத்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிடாமல், கலந்தாய்வு நாளில் நீங்களும் கூடப் போங்கள். ஒரு நாள் தறி நின்றாலும் பாதகமில்லை.

கேள்வி: தாராபுரத்தில் இல்லத்தரசி. கணினி இல்லை, கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. அதில் கோடிங் கற்க முடியுமா?
வாசகி, தாராபுரம்

பதில்: தொடங்க முடியும், அம்மணி. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஏகோட் என்ற செயலியை இறக்கிக்கொண்டால் எச்டிஎம்எல் எழுதி அதிலேயே பார்க்கலாம். ஒரு மாதம் தினமும் அரை மணி எழுதிப் பாருங்கள். விசைப்பலகை சிறியது, விரல் வலிக்கும், நீண்ட வரிகள் கண்ணுக்கு அகப்படாது. அப்படியும் விடாமல் எழுதுகிறீர்கள் என்றால் பழைய மடிக்கணினி ஒன்று வாங்கலாம். நான்கு ஜிபி நினைவகம் இருந்தால் இந்த வேலைக்குப் போதும். கடையிலேயே போட்டுப் பார்த்து, எல்லா விசைகளையும் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். என் அனுபவத்தில் பழைய மடிக்கணினியில் முதலில் பழுதாவது விசைப்பலகைதான்.