அதே மிட்சுபிஷி இன்ஜின்தான் (கடிதம்)

வணக்கம் சார்,

கிள்ளான்ல இருந்து எழுதறேன். ஏழையா இருந்த தென்கொரியா பணக்கார நாடா மேல வந்தது பத்தி நீங்க எழுதுனத படிச்சேன். எங்க மலேசியாவுலயும் கவர்மெண்டே புரோட்டான்னு ஒரு கார் கம்பெனி ஆரம்பிச்சது, ரப்பர் தோட்டத்த விட்டு வந்த எங்க அப்பா வாங்குன முதல் காரே புரோட்டான் சாகாதான். 2020ல வளர்ந்த நாடாயிடுவோம்னு 1991ல அப்போ பிரதமரா இருந்த மகாதீர் சொன்னாரு, இன்னும் ஆகல. கொரியாக்காரன் உழைப்பாளி, நம்ம ஆளுங்க சோம்பேறின்னு இங்க பேசிக்கறாங்க. அதுதான் காரணமா?

*

வணக்கம்,

சோம்பேறிக் கதைய விடுங்க. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ரப்பர் மரம் சீவுன ஜனங்கள பாத்து சொல்ற பேச்சா அது. உலக வங்கி கணக்குப்படி 1960ல நடுத்தர வருமானத்துல இருந்த 101 நாட்டுல 2008க்குள்ள பணக்கார நாடா மேல ஏறுனது வெறும் 13தான், மத்தவன் எல்லாம் சோம்பேறியா?

உங்க அப்பா கார்லயே பதில் இருக்கு. 1985ல வந்த சாகா, ஜப்பான் கம்பெனி மிட்சுபிஷியோட கார்தான், பேர்தான் வேற. கொரியா கம்பெனி ஹூண்டாயோட போனி கார் 1975ல வந்துச்சே, அதுலயும் மிட்சுபிஷி இன்ஜின்தான். ரெண்டு நாடும் வெளிநாட்டுக் காருக்கு கதவ சாத்திதான் உள்ளூர் கம்பெனிய வளத்துச்சு. ஆனா கொரியாவுல ராணுவ ஜெனரல் பார்க் சுங் ஹீ 1961ல ஆட்சிய புடிச்சதும் பேங்க்கெல்லாம் அரசு கைக்கு வந்துடுச்சு, கம்மி வட்டிக்கு லோன் வேணுமா, எவ்ளோ எக்ஸ்போர்ட் பண்ணேன்னு காட்டு, அதுக்குன்னே மாசாமாசம் மீட்டிங் போட்டு அவரே உக்காந்து கேப்பாரு. அதனால ஹூண்டாய் உள்ளூர் லாபத்த தின்னுட்டு சும்மா கிடக்க முடியல, 1986ல எக்செல் கார அமெரிக்காவுக்கு கொண்டு போய், ரிப்பேர் ரிப்பேர்னு அங்க கேலிப்பொருளாகி, அப்பவும் விடாம 1991ல சொந்தமா ஆல்ஃபா இன்ஜின் பண்ணிட்டாங்க. 2000க்கு அப்புறம் பாருங்க, மிட்சுபிஷியே ஹூண்டாய் டிசைன் பண்ண இன்ஜின எடுத்துக்குச்சு!

புரோட்டானும் பிரிட்டனுக்கெல்லாம் அனுப்புச்சு, இல்லேங்கல. சொந்த இன்ஜினும் 2004ல வந்துச்சு. ஆனா வெளிய விக்கலன்னாலும் உள்ளூர்ல பொழப்பு ஓடும், வெளிநாட்டுக் காருக்கு போட்ட வரிப் பாதுகாப்பு அப்படியே இருக்கும், அத எடுத்துடுவோம்னு மிரட்ட ஆள் இல்ல. கடைசில 2017ல 49.9 சதவீதத்த சீனாக்காரன் ஜீலி வாங்குனான்.

அதுக்காக கொரியாவ பாத்து ரொம்ப ஏங்காதீங்க. 1970ல தலைநகர் சியோல்ல துணி தைக்கற ஒரு 22 வயசு பையன், ஜியோன் டே இல்னு பேரு, தொழிலாளர் சட்டத்த மதிங்கன்னு கத்திக்கிட்டே தீ வச்சுக்கிட்டாரு. எக்ஸ்போர்ட் கணக்க மாசாமாசம் கேட்ட அரசு, அங்க தையல் மெஷின் முன்னாடி உக்காந்திருந்த சின்னப் பொண்ணுங்க எத்தன மணி நேரம் வேல பாக்குதுங்கன்னு கேக்கவே இல்ல.