அடித்துச் சொல்லும் ஞாபகம் சரியாக இருக்குமா?
வாசகர் கேள்விகளுக்கு உளவியல் பதில்கள்

சுனாமி வந்த அன்று காலை அப்பா வீட்டில்தான் இருந்தார் என்கிறாள் அக்கா. அவர் வெளியே கிளம்பிப் போனது என் கண்முன்னே நிற்கிறது. இருவருமே சத்தியம் செய்வோம். யார் சொல்வது சரி?
— வாசகி, நாகப்பட்டினம்

சத்தியத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருவருமே தவறாகச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், மறுநாள் காலையே மாணவர்களிடம் எழுதி வாங்கினார். செய்தியை எங்கே கேட்டீர்கள், யார் சொன்னார்கள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேள்விகள். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். பழைய பதிலோடு ஒப்பிட்டு 7க்கு மதிப்பெண் போட்டதில் சராசரி 3ஐக்கூடத் தொடவில்லை. 11 பேர் வாங்கியது பூஜ்யம். ஆனால் தங்கள் நினைவு சரி என்ற நம்பிக்கைக்கு அவர்கள் போட்டுக்கொண்ட சராசரி, 5க்கு 4ஐத் தாண்டியது. அவர்களே கைப்பட எழுதிய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் 54 மாணவர்களிடம் இதையே இன்னும் கவனமாகச் செய்தார்கள். தாக்குதலைப் பற்றியும், அதற்குச் சில நாள் முன்பு நடந்த ஒரு சாதாரண விஷயத்தைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். நாளாக ஆக இரண்டுமே ஒரே அளவில் மாறின. தாக்குதலைப் பற்றிய நினைவுதான் துல்லியமானது என்ற நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை. காட்சி தெளிவாகத் தெரிவது வேறு, நடந்தது அதுதான் என்பது வேறு.

இனி, உங்கள் வழக்கு. இருவரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘நானே பார்த்தது’, ‘பிறர் சொன்னது’, ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். மூன்றாவது வகை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம் வரும். பிறகு வெளியே இருக்கும் தடயத்தோடு பொருத்துங்கள். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் காட்சியில் அப்பா அலுவலகப் பையோடு கிளம்பினால், வேறொரு நாளின் காலை இங்கே வந்து ஒட்டியிருக்கலாம். இப்படி உண்மையான நினைவு தவறான நாளில் போய் உட்காருவது மிகச் சாதாரணமாக நடப்பது. இன்னொன்று: இத்தனை ஆண்டுகள் வீட்டில் பேசிப் பேசி இருவர் கதையும் ஒன்றாகிவிட்ட பகுதிகளை இரண்டு சாட்சியாக எண்ணாதீர்கள். அவை ஒரே சாட்சி.

பிளஸ் டூ மாணவர்களுக்கு இதை வகுப்பிலேயே செய்துகாட்ட முடியுமா?
— ஆசிரியர், தருமபுரி

முடியும், பத்து நிமிடம் போதும். 1959இல் ஜேம்ஸ் டீஸ் தொடங்கி, 1995இல் ரோடிகரும் மெக்டெர்மட்டும் செம்மைப்படுத்திய முறை இது. மெத்தை, தலையணை, போர்வை, கொட்டாவி, கனவு, இரவு, குறட்டை, தாலாட்டு, களைப்பு, ஓய்வு, கட்டில், விழிப்பு என 12 சொற்கள். ஒன்றரை நொடிக்கு ஒன்று வீதம் சீரான குரலில் வாசியுங்கள். உடனே 100இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பிறகு நினைவுக்கு வரும் சொற்களை எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத ‘தூக்கம்’ எத்தனை தாளில் இருக்கிறது என்று பாருங்கள். 1995 ஆய்வின் முதல் சோதனையில், சொல்லாத சொல் சுமார் 40 விழுக்காடு தடவை எழுதப்பட்டது.

சொதப்பும் இடங்கள் சில உண்டு. மெதுவாக வாசித்தால் மாணவர்கள் ஒவ்வொரு சொல்லையும் தனியே பிடித்துக்கொள்வார்கள், பிழை குறையும். கரும்பலகையில் எழுதிக் காட்டினாலும் அப்படித்தான், ஆகவே காதால் கேட்கவிடுங்கள். ‘தூக்கம் என்ற சொல் வந்ததா?’ என்று நீங்களே எடுத்துக்கொடுத்தால் சோதனை கெட்டது. ஊகித்து எழுத வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் எழுதுகிறார்கள் என்பதுதான் இதில் பாடம். வேறு பட்டியல் வேண்டுமானால், ‘தூக்கம் என்றதும் என்ன தோன்றுகிறது?’ என்பதுபோல ஒரு சொல்லைச் சொல்லி இருபது பேரிடம் கேளுங்கள். அதிகம் வரும் சொற்களே பட்டியல்.

எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று நடந்ததைச் சொல்லும் மனிதர்கள் இருக்கிறார்களாமே, அவர்களுக்குமா தவறும்?
— வாசகர், ஈரோடு

தவறும். அப்படிப்பட்ட 20 பேரை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், மேலே சொன்ன சொல் பட்டியல் அவர்களையும் மற்றவர்களைப் போலவே ஏமாற்றியது.

சாலை விபத்து ஒன்றை நேரில் பார்த்தேன். போலீஸ் கேட்கக் கேட்க எனக்கே குழப்பமாகிவிட்டது. சாட்சி என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், திருச்சி

குழப்பம் உங்கள் குறையல்ல, கேள்வியிலேயே இருக்கக்கூடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 45 மாணவர்களுக்கு விபத்துப் படத்துண்டுகளைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் ‘நொறுங்க மோதியபோது’, இன்னொரு குழுவிடம் ‘தொட்டபோது’ என்ற பொருளில் வினைச்சொல்லை மட்டும் மாற்றினார்கள். முதல் குழு சொன்ன சராசரி மணிக்கு சுமார் 41 மைல், மற்றது சுமார் 32. அடுத்த சோதனை இன்னும் கவலை தருவது. ஒரு வாரம் கழித்து ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்று கேட்டபோது, ‘நொறுங்க’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். ‘இடித்தபோது’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். வேகமே கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை.

எனவே, முதலில் எழுதிவிடுங்கள். கூட்டத்தோடு பேசுவதற்கு முன், செய்தி பார்ப்பதற்கு முன், அன்றே, நேரத்தையும் குறித்து. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே நிகழ்வின் வேறு வேறு காட்சியைப் பார்த்த இருவரைப் பேசவிட்டபோது, 71 விழுக்காட்டினர் தாங்கள் பார்க்காத, மற்றவர் சொன்ன விவரத்தைத் தம் சாட்சியத்தில் சேர்த்துவிட்டார்கள். எழுதும்போது நின்ற இடம், வெளிச்சம், சத்தம் ஆகியவற்றை மனத்தில் மீட்டு, அற்பமாகத் தோன்றுவதையும் விடாதீர்கள். கடைசியில் நடந்ததில் தொடங்கி ஆரம்பத்தை நோக்கியும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கெய்சல்மனும் ஃபிஷரும் உருவாக்கிய விசாரணை முறையின் கூறுகள் இவை. தெரியாததற்குத் ‘தெரியவில்லை’ என்பதே முழுப் பதில். வண்டி எண்ணில் இரண்டு இலக்கம்தான் தெரியும் என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். இட்டு நிரப்பிய இலக்கம் நாளைக்கு நீங்கள் பார்த்ததாகவே ஆகிவிடும்.

நீதிமன்றத்தில் ‘இவர்தான்’ என்று உறுதியாகக் கைகாட்டும் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?
— இளம் வழக்கறிஞர், மதுரை

அந்த உறுதி எப்போது பிறந்தது என்று கேளுங்கள். 1998இல் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் ஒரு கேமரா காட்சியைக் காட்டி, குற்றவாளி இல்லாத படவரிசையிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்வு எல்லாமே தவறு. தேர்ந்தெடுத்தவர்களில் சிலரிடம் ‘நல்லது, சரியான ஆளைக் காட்டிவிட்டீர்கள்’ என்று ஒரு வரி சொன்னார்கள். அந்த வரியைக் கேட்டவர்கள், தேர்ந்தெடுக்கும்போதே உறுதியாக இருந்ததாகவும், முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும் பின்னர் மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, நினைவே மாறிவிட்டது.

இதற்கு நேர்மாறாக, ஒழுங்காக நடந்த முதல் அடையாள அணிவகுப்பில், யாரும் எதுவும் சொல்வதற்கு முன் சாட்சி காட்டும் உறுதிக்கு மதிப்பு உண்டு. ஒழுங்கு என்றால், நடத்துபவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. வர்ணனைக்குப் பொருந்தும் மற்றவர்கள் குறைந்தது 5 பேராவது வரிசையில் நிற்க வேண்டும். ‘குற்றவாளி இதில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று முன்பே சொல்ல வேண்டும். கைகாட்டியவுடன் எவ்வளவு உறுதி என்பதைச் சாட்சியின் சொற்களிலேயே பதிய வேண்டும்.

நம் சட்டத்தில் பொதுவாக நீதிமன்றத்தில் கைகாட்டுவதே முதன்மைச் சான்று, அணிவகுப்பு அதற்குத் துணைச் சான்று. உளவியல் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் இந்த வரிசை தலைகீழானது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, குற்றவாளிக் கூண்டில் ஒருவரே நிற்கும்போது கைகாட்டுவது நினைவைச் சோதிப்பதாகாது. குறுக்கு விசாரணையில் முதல் அணிவகுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சம்பவத்திலிருந்து எத்தனை நாள் கழித்து நடந்தது, அதற்கு முன் படம் எதுவும் காட்டப்பட்டதா, சாட்சி அப்போது தயங்கினாரா, கைகாட்டிய பிறகு அவரிடம் யார் என்ன சொன்னார்கள்.