குடும்பமாக நடத்தும் ஒயின் தோட்டத்துக்கு முதன்முறை போகிறோம். ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாத நாங்கள் அசடு வழியாமல் சுவைத்துப் பார்ப்பது எப்படி?

நீங்கள் நாசிக் பக்கம் போகிறீர்கள், கூட ஒயின் பெயர்களை அடுக்கத் தெரிந்த ஒருவர் வருகிறார், அவர் முன்னால் கூச்சமாக இருக்கிறது. இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். "ஒன்றும் தெரியாத நாங்கள்" என்று நீங்களே எழுதிக்கொண்டீர்களே, அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. பெரம்பூரில் பிறந்து பெரம்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்றால் பிராந்தி வாங்கும் இடம். 2003இல் சில்லறை விற்பனையை அரசு எடுத்துக்கொண்ட பிறகும் வாயில் அந்தப் பெயர் போகவில்லை. ஒயின் வாங்க அங்கே போனவரை நான் பார்த்ததும் இல்லை. உடனே "இந்த வயதில் இந்த அம்மாளுக்கு இது தேவையா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் சித்தப்பா குடியால்தான் போனார். குடி என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மகன் புனேயில் வேலை பார்க்கிறான். போன பிப்ரவரியில் நாங்கள் போயிருந்தபோது, காரில் ஐந்து மணி நேரம் ஓட்டி நாசிக்கில் கங்காபூர் அணைக்கட்டுப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். பெயர் வேண்டாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நடத்துவது. தங்கள் நிலத்துத் திராட்சையைத் தாங்களே பிழிந்து, அங்கேயே பாட்டிலில் அடைப்பதைத்தான் எஸ்டேட் ஒயின் என்கிறார்கள்.

சுவைக்கும் மேசையில் நின்ற பையன் மகனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றினான். என்னைப் பார்த்து, இந்தியில், "ஆன்ட்டிக்கு ஜூஸ்?" என்றான். மகன் தரையைப் பார்த்தான். புடவை, தலையில் மல்லிகைப் பூ, கையில் மஞ்சப்பை. அவன் கணக்கு அவனுக்கு. நான் கோப்பையை நகர்த்தி வைத்தேன், ஊற்றினான்.

முதலில் வெள்ளை. செனின் பிளாங்க் என்றான், திராட்சை வகையின் பெயராம். எனக்குக் கொய்யா வாசனை. அடுத்தது சாவிஞான் பிளாங்க், அதில் அப்போதுதான் நறுக்கிய குடைமிளகாய். அவன் சொன்ன பழங்களில் பாதியை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஆனால் முப்பது வருடமாகக் காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து மீன் வாங்குகிறவள் நான். மூக்கு எப்படி வேலை செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவதாகச் சிவப்பு, ஷிராஸ். மரப் பீப்பாயில் ஒரு வருடம் கிடந்தது, விலையும் அதிகம். கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் மழைக்காலத்து ரேஷன் கடை ஞாபகம் வந்தது. நனைந்து மக்கிய சணல் சாக்கு, அதே வாடை. மகனிடம் சொன்னேன். "அம்மா, சும்மா இரு" என்றான். பையனோ அது மண் வாசனை, இந்த ஒயினின் சிறப்பு என்றான். மண் வாசனைக்கும் மக்கல் வாடைக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மாள் வந்தார். ஒரே ஒரு முறைதான் முகர்ந்தார். எங்கள் மூவர் கோப்பையிலும் இருந்ததை வாளியில் கொட்டிவிட்டு வேறு பாட்டில் திறக்கச் சொன்னார். கார்க்கில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு பொருளாம், டிசிஏ என்கிறார்கள். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் துளியினும் துளி இருந்தாலே ஒயினின் மணத்தை அமுக்கிவிடும். புதுப் பாட்டிலில் மிளகும் நாவல்பழமும் மணத்தது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் "நன்றாக இருக்கிறது" என்று குடித்துக்கொண்டிருந்தார், கெட்டுப்போனதையும் சேர்த்து.

இந்த மூக்கு எனக்கு மீனால் மட்டும் வந்ததல்ல. சிறுவயதில் பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி இருந்தார். நவம்பர் பிறந்ததும் கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, கிராம்பு எல்லாம் பீங்கான் ஜாடியில் போட்டு வேடு கட்டிவிடுவார். தினம் ஒரு முறை மரக்கரண்டியால் கிளறும் வேலை எனக்கு. இருபத்தொரு நாள். கிளறும்போதே புளிப்பு ஏறுகிறதா, காடியாகத் திரும்புகிறதா என்று முகர்ந்து சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த ஜாடியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதை என் ஓரகத்தி "ஒரு வாரத்துக்கு" என்று வாங்கிப்போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். கேட்டால் "ஜாடிதானே அக்கா" என்கிறாள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்காவது எழுத வேண்டியிருந்தது.

தோட்டத்து அம்மாளிடம் மகனை மொழிபெயர்க்க வைத்துக் கோதுமையைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பிறகு தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் தூங்கிவிடும், இங்கே தூங்காது. அதனால் ஏப்ரலில் ஒரு முறை, மழை ஓய்ந்து செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறை என்று இரண்டு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. காய்ப்புக்கு விடுவது இரண்டாவதுதான். ஐரோப்பாவில் செப்டம்பர் வாக்கில் பறிப்பதை இவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை பறிக்கிறார்கள். பழத்தைக் கடித்துப் பார்க்கச் சொன்னார். நாம் சாப்பிடும் கொட்டையில்லாத திராட்சை மாதிரி இல்லை. சின்னது, தடித்த தோல், கொட்டை, நல்ல இனிப்பு. கொட்டையை மென்றால் பாக்கு மாதிரித் துவர்ப்பு. சிவப்பு ஒயின் நாக்கைப் பிடிப்பது தோலும் கொட்டையும் சாற்றோடு ஊறுவதால்தான் என்று அங்கே விளங்கியது. மேசையருகே நின்று கேட்டிருந்தால் விளங்கியிருக்காது.

ஆகவே வீட்டுக்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போங்கள், முடிந்தால் பறிப்புக் காலத்தில். விழுங்க வேண்டாம் என்றால் துப்புவதற்கு வாளி இருக்கும். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் பாதிக்கு மேல் துப்பினேன். அத்தர், சென்ட் எதுவும் போட்டுக்கொள்ளாதீர்கள். தலையில் பூவும் வேண்டாம். அந்த வெள்ளை ஒயினில் மல்லிகை மணக்கிறது என்று நான் ஐந்து நிமிடம் சாதித்த பிறகுதான் விஷயம் புரிந்து, பூவைக் கழற்றி மஞ்சப்பைக்குள் போட்டேன்.