நாலு பேர் இல்லாத கடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறாள். படித்து முடித்தால் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலை, இல்லாவிட்டால் விளம்பரக் கம்பெனி என்கிறார்கள். பட்டதாரிகளுக்கு அரசு தரும் அப்ரண்டிஸ் திட்டம் ஓவியம் படித்தவர்களுக்கு உதவாதா?

கே.

அன்புள்ள கே.,

சட்டப்படி தடையில்லை. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தை 2014-இல் திருத்தியபோது பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவு திறந்தது. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. சிக்கல் வேறு இடத்தில். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநரை எடுத்தே ஆக வேண்டும், 4 பேராவது இருந்தால் விரும்பினால் எடுக்கலாம். ஓவியத் துறையில் கைவேலை கற்றுத்தரும் ஃபிரேம் கடையிலும் அச்சுப் பட்டறையிலும் பெரும்பாலும் முதலாளியும் ஓர் உதவியாளும்தான்!

ஃபிரேம் போடுவதையே பாருங்கள். காகித ஓவியத்தின் நாலு மூலையையும் செலோடேப்பால் ஒட்டி, கண்ணாடியை அதன்மேல் அழுத்தி அடைத்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் ஈரம் ஏறித் தாள் விரியும். நகர இடமில்லாமல் அலையலையாகப் புடைக்கும். கண்ணாடியில் ஒட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். டேப்பின் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிட்டால் கறை லேசில் போகாது. அமிலமற்ற அட்டையில், மேல் விளிம்பை மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் துண்டுகளால் தொங்கவிட வேண்டும். பசை கோதுமை ஸ்டார்ச்சாக இருந்தால் பின்னால் தண்ணீர் தொட்டு இளக்கலாம். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே, ஓவியத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டையின் கனம் இடைவெளியாக நிற்கும். ஃபிரேமின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரின் ஓதம் ஏறாது. சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். பசையின் பதம் கைக்கு வர மாதங்கள் ஆகும்.

அதனால் புதிய பட்டப்படிப்பு தொடங்குவதைவிட, கல்லூரியோ லலித் கலா அகாடமியின் சென்னை மையமோ பழகுநரைத் தன் கணக்கில் எடுத்து இத்தகைய கடைகளுக்கு அனுப்புவதே நல்லது. கற்றுத்தருபவருக்கும் பணம் தர வேண்டும். வீணாகும் அட்டையும் நேரமும் அவருடையவை. இதை விட்டுவிட்டு 'திறன் மேம்பாடு' என்று சான்றிதழ் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

மகள் அதுவரை காத்திருக்க வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல், பழைய கலைப்பொருள்களைக் கெடாமல் காக்கும் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது. விடுமுறையில் பயிற்சி கிடைக்குமா என்று எழுதிக் கேட்கட்டும். தன் ஓவியங்களில் ஐந்தாறுக்குத் தானே ஃபிரேம் போட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து அந்தக் கடிதத்தோடு வைக்கட்டும். வேலை தெரிந்தவர்கள் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.